வாடகை ஓவனும் ஒரு சிவப்பு பிரஷ்ஷும்

வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். "அக்கா, நீங்க எடுக்கிற கிச்சன் மணிக்கு எவ்வளவு?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. சொல்லிவிடுவேன். கேக் செய்ய மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் சமையலறைக்கு நான் கொடுப்பது மணிக்கு 25 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஒரு தடவைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் எடுக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டுக்கு மாதம் 60 வெள்ளி, முன்பணம் ஒரு மாத வாடகை. அடுத்து உரிமம் யார் பெயரில், வண்டி நிறுத்த இடம் உண்டா, ஓவனில் எத்தனை தட்டு வைக்கலாம் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன். "உங்களுக்கு முந்தின நேரம் யாருக்கு?" என்று மட்டும் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் சேரும்போது நானும் கேட்கவில்லை. போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதினால் கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

நான் செய்வது முட்டையில்லாத கேக் மட்டும்தான். 2020-ல் கொரோனாவுக்காகச் சிங்கப்பூரில் போட்ட 'சர்க்கிட் பிரேக்கர்' முடக்கத்தின்போது வீட்டு உணவுத் தொழில்களையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார்கள். மே 12-லிருந்து மறுபடியும் செய்யலாம் என்றானபோதுதான் நான் ஆரம்பித்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத வீடுகள், புரட்டாசி முழுக்கச் சைவமாக இருக்கும் வீடுகள், தைப்பூசத்துக்கு விரதம் பிடிக்கும் வீடுகள் என்று நிறைய உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த நாட்களில் பிறந்தநாள் வரத்தானே செய்யும்? முட்டைக்குப் பதில் தயிரும் ஆப்பசோடாவும், சில கேக்குகளுக்குக் கண்டென்ஸ்டு மில்க், ஜெல்லிக்கு விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இல்லாமல் கடற்பாசியில் செய்யும் அகர் அகர். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்து பார்த்து, பத்துத் தடவையும் அம்மாவிடம் திட்டு வாங்கி, கைக்கு வந்த தொழில் இது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தபடி தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுப்பதற்கு உரிமம் தேவையில்லை. வெளியாள் வைக்கக்கூடாது, பெயர்ப்பலகை மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு பரிந்துரைக்கும் உணவுப் பாதுகாப்பு வகுப்புக்கும் போய் வந்தேன். அந்த அளவில் நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு கஃபேயிலிருந்து கேட்டார்கள். வாரம் மூன்று முட்டையில்லாத கேக், துண்டு போட்டு விற்பதற்கு. விலை பேசி முடித்த பிறகு உரிம எண்ணைக் கேட்டார்கள். கடையில் வைத்து விற்கும் உணவு உரிமம் உள்ள இடத்தில் செய்ததாக இருக்க வேண்டும், வீட்டில் செய்ததைக் கொடுக்க முடியாது. சரி, உரிமம் உள்ள சமையலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம் என்று தேட ஆரம்பித்தேன்.

இடம் தேடிய கதை

முதலில் பார்த்தது ஓர் உணவகத்தின் சமையலறை. காலை ஏழிலிருந்து பத்து வரை சும்மா கிடக்கிறது, குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்றார் உரிமையாளர். ஓவன் கதவைத் திறந்ததுமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. உள்சுவரெல்லாம் கோழிக்கொழுப்பு ஆவியாகிப் படிந்து காய்ந்து, மறுபடியும் படிந்திருந்தது. வெண்ணெயும் மாவும் பக்கத்தில் உள்ள வாடையை இழுத்துக்கொள்ளும் என்பது கேக் செய்கிற எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது இடம் புத்தம்புதிது. ஆனால் ஓராண்டு ஒப்பந்தம் போடச் சொன்னார்கள். மூன்றாவதுதான் இப்போது நான் இருக்கும் இடம். தீவின் வடக்கே ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில், சரக்கு மின்தூக்கி ஏறிப் போக வேண்டிய ஓர் அறை. ரொட்டி, பன், கேக், பிஸ்கட் செய்பவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் இவர்கள் கவனமானவர்கள் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

நேரக் கணக்குதான் முதலில் உதைத்தது. நான்கு மணி நேரத்துக்குப் பணம் கட்டினாலும் வேலைக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். ஓவன் சூடாக இருபது நிமிடம். கேக் ஆறாமல் கிரீம் பூச முடியாது, அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கடைசி அரை மணி துடைப்பதற்கும் கழுவுவதற்கும். மாவை வீட்டிலேயே அளந்து டப்பாவில் போட்டுக் கொண்டுவரட்டுமா என்று மேலாளரைக் கேட்டேன். எல்லாம் இங்கேதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதில் முட்டையில்லாத கேக்குக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தயிரும் சோடாவும் சேர்ந்த நொடியிலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும், கலந்த மாவு காத்திருக்காது. முந்தின ஆள் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஓவனை வைத்துக்கொண்டால் என் கேக்கின் நடு அமுங்கிப் போகும். போதாததற்கு அது சூடான காற்றைச் சுழற்றும் விசிறி ஓவன், சூடு கூடுதலாகப் பிடிக்கும். வீட்டில் 180 டிகிரியில் வைத்துப் பழகிய நான், முதல் வாரம் நான்கு கேக்கின் மேல்பகுதி வெடித்த பிறகுதான் 160-க்கு இறக்கினேன்.

இப்படி நேரத்தையும் சூட்டையும் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பந்தத் தாளும் அப்படித்தான் இருந்தது. தாமதத்துக்கு எவ்வளவு அபராதம், தட்டு வளைந்தால் எவ்வளவு, சாவி தொலைந்தால் எவ்வளவு என்றெல்லாம் இருந்தது. என் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மூடியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'வெஜிடேரியன், முட்டை கிடையாது' என்று பெரிதாக எழுதி, அலமாரியில் எனக்குக் கொடுத்த தட்டில் வைத்தேன். பெட்டிக்குப் பூட்டு இல்லை. அந்த அலமாரியில் யாருடைய பெட்டிக்குமே பூட்டு இல்லை.

அந்தச் சனிக்கிழமை

காலை ஆறிலிருந்து பத்து வரை என் நேரம். அன்று ஐந்து கேக். மூன்று கஃபேக்கு. ஒன்று ஒரு பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு, கோயிலுக்குப் போய் வந்து வீட்டில் வெட்டப் போகிறார்கள். இன்னொன்று ஒரு சின்னப் பையனின் பிறந்தநாளுக்கு. ஐந்தும் நன்றாக உப்பி வந்தன. ஆறவைத்து, இரண்டாக அறுத்து, அடுக்குகளின் மேல் சீனிப்பாகு தடவினேன். முட்டையில்லாத கேக் சீக்கிரம் வறண்டு போகும் என்பதால் பாகு தாராளமாகவே தடவுவேன். அதற்கென்றே ஒரு சிவப்பு சிலிகான் பிரஷ். புதன்கிழமை கழுவிக் காயவைத்துப் பெட்டிக்குள் போட்டது. சனிக்கிழமை எடுத்து அப்படியே பாகில் முக்கினேன்.

ஒன்பதே காலுக்குள் பாட்டியின் கேக்கையும் பையனின் கேக்கையும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கஃபேயின் மூன்றும் குளிர்ப்பெட்டியில் இருந்தன. ஒன்பதே முக்காலுக்குப் பாத்திரம் கழுவ நின்றபோது பிரஷ்ஷின் வேரில், சிலிகான் இழைகள் கைப்பிடியோடு சேரும் இடத்தில், மஞ்சளாக ஏதோ இருப்பதைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். காய்ந்து கெட்டியாக இருந்த ஒன்று சூடான பாகில் பாதி கரைந்து வழவழப்பாகியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். ஐந்தாறு வருடமாக முட்டையே இல்லாத சமையலறையில் நிற்பவளுக்கு அந்தக் கவிச்சி எவ்வளவு லேசாக இருந்தாலும் தெரிந்துவிடும்.

கதவுக்கு வெளியே அடுத்த நேரத்துக்காரர் மாவு மூட்டையோடு வந்து நின்றுவிட்டார். நான் குளிர்ப்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மூன்று கேக்கையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நகக்கண் அளவு இருக்குமா? ஐந்து கேக்குக்குப் பிரித்தால் ஒன்றுமேயில்லை. யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. இந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஒரு நிமிடத்துக்கு மேலேயே நின்றது. அதைக் கலைத்தது வகுப்பில் படித்த ஒரு விஷயம். பாகு தடவிய பிறகு கேக் மறுபடி அடுப்புக்குப் போவதில்லை. அப்படியானால் அது வேகாத முட்டை. இரவு முழுக்கச் சாதாரணச் சூட்டில் பெட்டிக்குள் கிடந்த வேகாத முட்டை. விரதம் இருப்பவரா இல்லையா என்பதெல்லாம் அப்புறம், யாருமே அதைச் சாப்பிடக்கூடாது. இன்னொன்றும் உறைத்தது. முட்டையில்லாத கேக் கேட்பவர்களிடம் ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோரும் சைவத்துக்காகவே கேட்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையனின் அம்மாவுக்குத்தான் முதலில் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அவனுக்கு முட்டை அலர்ஜி சிஸ்டர். அதுக்காகத்தான் உங்ககிட்ட வாங்கினோம்" என்றார். எனக்குக் கால் வலுவிழந்து, அங்கே இருந்த மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வேகவைத்த முட்டையைத் தாங்கும் பிள்ளைகளில் பலருக்கும் வேகாத முட்டை ஒத்துக்கொள்ளாது என்று பிறகு படித்தேன். நல்லவேளையாக இன்னும் வெட்டவில்லை, மாலை ஐந்து மணிக்குத்தான் விருந்து. அடுத்து பாட்டியின் மகன். "பரவாயில்லைம்மா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. தெரியாம சாப்பிட்டா தோஷம் இல்லை" என்று அவர் என்னைத் தேற்றினார். மனசார நல்ல மனிதர். ஆனால் அதற்கு நான் எப்படி ஒப்புக்கொள்வது? எண்பது வயதுக்காரர் வயிற்றுக்குப் போகிற வேகாத முட்டை. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்துவந்ததை அவருக்குத் தெரியாமல் அவர் பிறந்தநாளிலேயே நாம் கலைப்பது. இரண்டையும் சொன்னேன். கேக்கைத் தொடவேண்டாம், மாலைக்குள் வேறு கொண்டுவருகிறேன் என்றேன். கஃபேக்கும் சொன்னேன். அவர்கள் மறு வாரத்திலிருந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். உரிமம் உள்ள சமையலறை என்பதற்காகத்தானே வீட்டை விட்டு இங்கே வந்தாய், அங்கேயே இப்படி ஆகிவிட்டதே என்று அவர்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று இரண்டு கேக்கையும் என் வீட்டு ஓவனில்தான் மறுபடி செய்தேன். நேரே வாங்குபவர்களுக்கு வீட்டில் செய்து கொடுக்கத் தடையில்லை. அந்த ஓவனில் ஒரே நேரத்தில் ஒரு கேக்தான் வைக்க முடியும். நான்கு மணிக்குள் இரண்டும் முடிந்தன. என் கணவர் கார் ஓட்ட, மடியில் ஒன்றும் பின்சீட்டில் ஒன்றுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

எனக்கு முந்தின நேரத்துக்காரர்

வெள்ளி இரவு ஏழிலிருந்து பதினொன்றரை வரை யாருக்கு என்று மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஆறு நாளும் எனக்குக் கோபம்தான். பெட்டியில் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தும் அதையே திறந்திருக்கிறார்களே என்று. அடுத்த வெள்ளி இரவு பத்தரைக்கு, கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். உள்ளே தட்டுத் தட்டாக சார்டின் (மத்தி மீன்) பன் ஆறிக்கொண்டிருந்தது. முக்காடு போட்ட ஓர் அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடையநல்லூர்க் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அலுவலகங்களுக்குச் சிற்றுண்டிப் பெட்டி கொடுக்கிறார். பன்னின் மேல் அந்தப் பளபளப்பு முட்டை தடவுவதால் வருவது. கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தச் சிவப்பு பிரஷ்ஷை எடுத்தது நீங்களா அக்கா?" என்றேன். உடனே, "ஆமா தங்கச்சி, நான்தான். கழுவித்தானே வச்சேன், அழுக்கா இருந்துச்சா?" என்றார். கொஞ்சமும் மறைக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதும் அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லாஹ்" என்றார். கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அங்கே பொதுவாக வைத்திருக்கும் சாமான் இழுப்பறையைத் திறந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார்.

"அன்னைக்கு என்னோட பிரஷ்ஷை வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன். இங்க இருக்கறதெல்லாம் முடி பிரஷ். என்ன முடின்னு போடலை பாரு. இந்த மாதிரி வெள்ளை முடி பெரும்பாலும் பன்னி முடிதாம்மா. இதால நான் எப்படித் தடவுறது? அலமாரியைப் பார்த்தேன். ஒரே ஒரு பெட்டியிலதான் வெஜிடேரியன்னு எழுதியிருந்துச்சு. இந்த ரூம்லயே எனக்கு நம்பிக்கையான பெட்டி அதுதான். அதான் அதைத் திறந்தேன்."

நான் கொண்டுவந்த சொல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெளியே நில் என்று எல்லோருக்கும் சொல்வதாக நினைத்து நான் எழுதிய சொல்லை, இவர் தன்னை உள்ளே கூப்பிடும் சொல்லாகப் படித்திருக்கிறார். தவறாகவும் படிக்கவில்லை. அவருக்கு ஆகாதது அந்தப் பெட்டியில் இருக்காது என்றுதானே நம்பினார்?

ஆனால் இருந்தது. அவர் மெதுவாகத்தான் சொன்னார். "உன் பெட்டியில இன்னொரு பிரஷ் இருந்துச்சுல்ல, மரப் பிடி போட்டது. அதை நான் தொடலை." நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பழங்களின் மேல் பளபளப்புக்கு ஜாம் தடவுவதற்கு வைத்திருந்த பிரஷ். இந்தத் தொழிலை ஆரம்பித்த வருடம் வாங்கியது. கைப்பிடியில் 'ப்யூர் பிரிஸில்' என்று அச்சடித்திருந்தது. பிரிஸில் என்றால் பிரஷ்ஷின் இழை என்ற அளவில்தான் அதுவரை எனக்குத் தெரியும். பேஸ்ட்ரி பிரஷ்களில் அப்படிப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றியின் முடி என்பதை அந்த இரவு அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜெலட்டினைத் தவிர்த்தேன். சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து எடுத்ததா என்று பொட்டலம் பொட்டலமாகப் படித்தேன். அத்தனை ஆண்டும் அந்த பிரஷ்ஷால்தான் விரத வீடுகளுக்குப் போன கேக்கின் மேல் மாம்பழத் துண்டுகளுக்கு மெருகு ஏற்றினேன். அந்த அக்கா ஒருநாள் எடுத்தது ஒரு பிரஷ். நான் எத்தனை நாள் என்று கணக்கே இல்லை.

அன்று பதினொன்றரை வரை உட்கார்ந்து பேசினோம். பன்றி பட்ட பாத்திரத்தை அவர்கள் வழக்கத்தில் ஏழு தடவை கழுவ வேண்டுமாம், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். என் அப்பாயி புரட்டாசி பிறக்கும் முன் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பதைச் சொன்னேன். "நீயும் நானும் தேய்க்கிறதுக்குன்னே பொறந்தவங்க" என்று சொல்லி ஒரு பன்னை என் பக்கம் நீட்டினார். புரட்டாசி என்றேன். உடனே கையை இழுத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள் செய்தோம். மேலாளரிடம் இருவரும் சேர்ந்து போய்ப் பொது இழுப்பறையிலிருந்த முடி பிரஷ்களை எல்லாம் எடுக்கவைத்தோம், சிலிகான் வாங்கிப் போட்டார். பன்றிக் கொழுப்பு கூடாது என்று வாசலில் எழுதிய அவருக்கும் பிரஷ் தோன்றியிருக்கவில்லை. பெட்டிகளுக்குப் பூட்டு வந்தது. என்னைக் கேட்டால், பூட்டைவிடப் பெரிய உதவி அலமாரிக் கதவில் ஒட்டிய தாள்தான். அந்த அறையைப் பயன்படுத்தும் ஏழு பேரும் தங்கள் பொருளில் எது படக்கூடாது என்று அவரவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறோம். பிஸ்கட் செய்யும் சீன அங்கிள் ஒருவர் வேர்க்கடலை என்று எழுதினார். இரண்டு வருடமாக ஒரே அறையில் இருந்தும் அவர் பேத்திக்கு அது ஆகாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

தீராத இடமும் ஒன்று உண்டு. என் கேக் பெட்டிகளில் இப்போது 'முட்டை சேர்க்கவில்லை, முட்டை பயன்படுத்தும் சமையலறையில் செய்தது' என்று அச்சிடுகிறேன். அதைப் பார்த்து நான்கைந்து வீடுகள் வாங்குவதை நிறுத்திவிட்டன. அவர்கள் செய்வது சரிதான். அந்தப் பையனின் அம்மா அதன் பிறகு கேட்கவில்லை, நானும் எழுதிக் கேட்கவில்லை. ஆர்டர் எடுக்கும்போது இப்போதெல்லாம் முதல் கேள்வியாக ஏன் முட்டை வேண்டாம் என்று கேட்கிறேன். அலர்ஜி என்றால் வீட்டு ஓவனில் மட்டும்தான். விரதம் என்றால் வாடகைச் சமையலறையைப் பற்றிச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். தனியாக ஓர் அறை எடுக்கும் அளவுக்கு வியாபாரம் இல்லை. முட்டை தொடாதவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் இடம் எடுத்தால் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் நான்கு பேர் சேரவில்லை.

வெள்ளி இரவுகளில் பதினொன்றரைக்கு அக்காவிடமிருந்து ஒரு படம் வரும். துடைத்த ஓவன் தட்டு, துடைத்த மேசை, என் பெட்டியின் பூட்டு. கீழே "கழுவியாச்சு மா" என்று இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து அது வராது. அவர் மகன் கூடச் சேர்ந்துகொள்ள, சொந்தமாக ஒரு சின்ன இடம் எடுத்துவிட்டார். வெள்ளி இரவுக்கு வேறு ஆள் வருகிறார்கள். யார், என்ன செய்பவர் என்று தெரியவில்லை. முதல் நாளே பத்தரைக்கு வந்து பார்க்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கையில் அந்த மரப் பிடி பிரஷ்ஷையும் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன், காட்டிப் பேசுவதற்கு.